பிடிமண்ணும் ஹார்லிக்ஸ் பாட்டிலும்

போன தை மாதம், பொங்கல் முடிந்த மறுவாரம், தேக்கம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு ஆத்தா பஸ் ஏறிக் காரமடை வந்து, கடைவீதியில் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து என் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கையில் துண்டில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், கண்ணாடி பாட்டில். மூடி துருப்பிடித்து, கழுத்தில் காவி வளையம் படிந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் மூக்கருகே கொண்டுபோனால் கொள்ளுப் பொடி வாசம் வந்தது.

"அம்மிணி, நீ பாட்டல்ல பூவெல்லாம் வெச்சுத் தர்றியாமா. எனக்குப் பூ வேண்டாங் கண்ணு. ஒரு மாடு வெச்சுக் குடு."

எப்படிப்பட்ட மாடு என்று கேட்டேன். மயிலைப் பசு. இடது கொம்பு மட்டும் கீழே சாய்ந்திருக்கும். காதில் ஒரு கிழிசல். அவருடைய அய்யன் கட்டுத்தரையில் நின்ற மாடு, அவருக்குக் கல்யாணமாகிப் போகும்போது சீராகக் கூடவே வந்த மாடு. போட்டோ இருக்கிறதா என்று கேட்டதற்கு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "போட்டோ எதுக்கு? நான் சொல்றேனில்ல" என்றார்.

நான் ஒன்பது வருஷமாக இந்த வேலை செய்கிறேன். கண்ணாடி ஜாடி, பாட்டில், மரப்பெட்டி, தகரப்பெட்டி இவற்றின் மேல் பாலிமர் கிளேயால் பூவும் கொடியும் பேரும் உருவமும் வைத்து, கேட்கிறவர் கேட்கிறபடி செய்து கொடுப்பது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஒரு மேஜை, சப்பாத்திக் கட்டை, முறுக்கு அச்சு, ஒரு சின்ன மின் அடுப்பு. வருகிற ஆர்டரில் பாதி கல்யாணத் தேதியும் இரண்டு பேரும் எழுதிய பெட்டிகள். மீதியில் பாதி கருவேப்பிலை. காரமடை வட்டாரத்துத் தோட்டங்களில் கருவேப்பிலை எவ்வளவு விளைகிறது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் மாசித் தேருக்கு ஊர் வந்தால், போகும்போது கருவேப்பிலைக் கொத்து ஒட்டிய ஜாடி ஒன்று வாங்கிப் போகிறார்கள். பச்சை இலையை விமானத்தில் கொண்டுபோனால் வாடிவிடும்.

ஆனால் அந்த ஆத்தா கேட்ட மாடு என்னை நாற்பது வருஷம் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

நான் பிறந்தது உடுமலைப் பக்கம். அங்கே சோமவாரப்பட்டியில் ஆல்கொண்டமால் கோயில் இருக்கிறது. பொங்கலை ஒட்டி அந்தக் கோயிலில் கூடுகிற கூட்டம் மாட்டுக்காகக் கூடுகிற கூட்டம். மாட்டுக்கு நோய் வந்து தெளிந்தால், சினை பிடிக்காத பசு சினை பிடித்தால், கன்று தங்கினால் என்று வேண்டிக்கொண்டவர்கள் மண்ணால் செய்த மாட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்கு உருவாரம் என்று பேர். தங்கள் மாட்டுப் பாலைக் கொண்டுவந்து சாமிக்கு ஊற்றுவார்கள். சின்ன வயதில் அந்த உருவாரங்களை வரிசையாகப் பார்த்தபோது, எங்கள் ஊர் மாடெல்லாம் மண்ணாகி வந்து நிற்பதாகவே நினைத்தேன்.

மார்கழி பிறந்ததும் அப்புச்சி என்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் குயவர் வீட்டுக்குப் போவார். 1980-களின் தொடக்கம். வாசலில் மண்ணை மிதித்துப் போட்டிருப்பார்கள். மணலும் உமியும் கலந்த மண். மாட்டின் நான்கு கால்களும் உள்ளே கூடாக, சின்னச் சின்னக் குழல்களாக நிழலில் காய்ந்துகொண்டிருக்கும். உடம்பு தனியாக, தலை தனியாக. பிறகு ஈரமண் தடவி ஒட்டு. திமிலைக் குயவர் கையால் பிடித்து இழுத்து ஒரே அமுக்கில் வைத்துவிடுவார். அந்த அமுக்கை நான் வாய் பிளந்து பார்ப்பேன். வயிற்றுக்கு அடியில் விரல் நுழைகிற அளவு ஓட்டை ஒன்று விடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "உள்ளார இருக்கிற காத்தும் ஈரமும் போவோணுமில்ல சாமி, இல்லாட்டிச் சூளையில வெடிச்சுப் போயிரும்" என்றார். இன்றைக்கு என் மேஜையில் கிளேக்குள் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டு, அடுப்பில் பூவிதழ் உப்பி வரும்போதெல்லாம் அந்த ஓட்டை ஞாபகம் வருகிறது.

அப்புச்சி அவரிடம் மாட்டைப் பற்றிப் பேசுவார். எந்த மாடு, எத்தனை ஈத்து, போன ஐப்பசியில் கோமாரி வந்து எத்தனை நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தது, என்ன வேண்டிக்கொண்டோம், எல்லாவற்றையும். குயவர் கையை மண்ணில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரே கேள்வி: "கன்னு சேத்தியா, தனியாவா?" எதையும் எழுதி வைத்துக்கொள்ளமாட்டார். பொங்கலுக்கு முன்னால் போனால் சுட்டு, சுண்ணாம்பு அடித்து, காவிப் பொட்டு வைத்த மாடு தயாராக இருக்கும். காசு கொடுத்து நான் பார்த்ததில்லை. களத்தில் சோளம் அடிக்கும்போது அவர் பங்கு போய்விடும். அதோடு உருவாரத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து ஏதாவது கொடுப்பார்கள்.

இதற்கு அன்று ஆர்டர் என்ற சொல் கிடையாது. "சொல்லி வெக்கிறது" என்பார்கள். குயவர்கிட்ட உருவாரத்துக்குச் சொல்லி வெச்சாச்சா, ஆசாரிகிட்டக் கலப்பைக்குச் சொல்லி வெச்சாச்சா, தட்டான்கிட்டத் தாலிக்குச் சொல்லி வெச்சாச்சா. ஒருவர் சொல்லி வைக்க வேண்டும், இன்னொருவர் அதை மனதில் வைக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் எழுத நினைத்த வரலாறு அந்தச் சொல்லி வைப்பதன் வரலாறுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் குயவர் செய்த மாடுகளெல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பத்து வீட்டு உருவாரத்தைப் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று வெளியாள் சொல்ல முடியாது. ஆனால் அப்புச்சி அதைக் கையில் வாங்கியதும் "இது நம்ம லட்சுமி" என்பார். அடுத்த வீட்டுக்காரர் அவருடையதை வாங்கி வேறு பேர் சொல்வார். இரண்டும் உண்மை. யாருக்காக என்று சொல்லிச் செய்ததால் அது அந்த மாடு ஆயிற்று. அச்சு அசலாக இருக்க வேண்டும் என்ற ஆசை போட்டோ வந்த பிறகு வந்தது. இன்று என்னிடம் வருகிறவர்கள் போனை நீட்டி, "இதேபோல வேணும்" என்கிறார்கள். படத்தைத் தருகிறார்கள், கதையைத் தருவதில்லை. நான்தான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கதை தெரிந்தால் கை தானாக ஓடுகிறது, இது என் அனுபவம்.

பொருளின் மேல் பேர் கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதா என்றால் இல்லை. நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் இதுதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-ல் அங்கே அகழாய்வு தொடங்கியது. பேராசிரியர் கா. ராஜன் அந்த ஊருக்காகவே பல ஆண்டுகள் உழைத்தவர். பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் என்று கல்லை உடைத்து, தேய்த்து, துளையிட்டு மணியாக்கிய பட்டறைகள் அங்கே வெளிப்பட்டன. துளையிட்டு முடிக்காத மணிகளும் கிடைத்தன. என்னை உலுக்கியது அந்த மணிகளைவிட அங்கே கிடைத்த பானை ஓடுகள்தான். ஆதன் போன்ற ஆட்பெயர்களைத் தமிழி எழுத்தில் கீறிய ஓடுகள். பல சுட்ட பிறகு கீறியவை. அதாவது பானை வீட்டுக்கு வந்த பிறகு ஒருவர் கூர்மையான எதையோ எடுத்து, இது என்னுடையது என்று எழுதியிருக்கிறார். இரண்டாயிரம் வருஷம் கழித்து என்னிடம் ஒரு கல்லூரிப் பெண் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து, "அக்கா, என் பேரை மட்டும் வெச்சுக் குடுங்க, ஹாஸ்டல்ல யாரும் எடுக்காம இருக்கட்டும்" என்றாள்.

சொல்லி வைப்பதில் மிகப் பெரிய சொல்லி வைப்பு ஒன்று புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஐயனாருக்குப் புரவி எடுப்பு நடக்கிற ஊர்களில், ஊர் கூடி முடிவெடுத்ததும் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, குதிரை செய்கிற வேளாரிடம் கொடுப்பார்கள். அதற்குப் பிடிமண் கொடுப்பது என்று பேர். அந்த மண் கை மாறிய நேரத்திலிருந்து வேலை தொடங்கியதாகக் கணக்கு. வேளார் குதிரைகளைச் செய்து, சுட்டு, வெள்ளையும் வண்ணமும் பூசி நிறுத்துவார். விழா நாளில் கண் திறப்பார்கள். பிறகு ஊரார் தோளில் ஏற்றி ஐயனார் கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். குளத்து மண் நிறையக் கிடக்கிறது, வேளாருக்குத் தெரியாத மண்ணும் இல்லை. அப்படியிருக்க ஒரு பிடி மண்ணை எதற்காகக் கையில் கொடுக்க வேண்டும்? ஊர் தன்னிடமிருந்து ஒன்றைக் கொடுத்தால்தான் அது ஊருடைய குதிரை.

எனக்கு அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்தான் பிடிமண். இது நான் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை, வருகிறவர்கள் காட்டிக் கொடுத்தது. புது ஜாடி என்னிடமே அடுக்கி வைத்திருக்கிறேன், அதில் செய்து கொடுத்தால் எனக்கும் சுலபம். ஆனாலும் பாதிப் பேர் வீட்டிலிருந்து எதையாவது கொண்டுவருகிறார்கள். அம்மாவின் ஊறுகாய் ஜாடி. மாமியாரின் கண்ணாடி எண்ணெய்ப் புட்டி. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன தகர ஜாமெட்ரி பாக்ஸ். நம் வீடுகளில் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குத் தனி வரலாறே எழுதலாம். பஞ்சாபில் நாபா என்ற ஊரில் 1960-ல் ஹார்லிக்ஸ் தயாரிக்கத் தொடங்கினார்கள். அந்த மாவு காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வாங்கியது. பாட்டில் வீட்டுக்கு. பருப்புப் பொடி, கொள்ளுப் பொடி, புளி, கடுகு, நிலக்கடலை எல்லாம் அதில்தான். ஒரு பாட்டில் ஒரு வீட்டில் முப்பது வருஷம் இருக்கும்.

பெட்டிக்கும் அப்படித்தான். கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சீர். 1998-ல் என் கல்யாணத்தின்போது என் நாத்தனார் மூங்கிலில் முடைந்த பேழைமூடியோடு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. கூறைச்சேலை அதோடு வந்தது. போன வருஷம் ஒரு மணப்பெண்ணின் அம்மா பேழைமூடியின் விளிம்பு முழுக்க ஆவாரம்பூ வைத்துத் தரச் சொன்னார். என் அடுப்புக்குள் பேழை நுழையாது. அதனால் பூக்களைத் தனித்தனியாகப் பீங்கான் ஓட்டின் மேல் வைத்துச் சுட்டு, பிறகு மூங்கிலில் ஒட்டினேன். நூற்று இருபது ஆவாரம்பூ. பெரியவர்கள் யாராவது சீர்ப்பொருளில் பிளாஸ்டிக் ஒட்டலாமா என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

பிசைந்த மாவைக் கெட்டியான பொருளின் மேல் புடைப்பாக ஒட்டி அழகு செய்வதற்கும் நம்மிடம் பழைய வழி உண்டு. தஞ்சாவூர் ஓவியத்தில் நகையும் தூணும் வளைவும் மேலெழுந்து நிற்பது சுண்ணாம்புத் தூளைப் பசையோடு பிசைந்து வைக்கிற வேலையால்தான். அதில் கல்லும் பதிப்பார்கள், தங்க ரேக்கும் ஒட்டுவார்கள். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் அக்காமார்கள் கைவேலை வகுப்பில் காலி பாட்டிலின் மேல் எம்-சீலைப் பிசைந்து இலையும் பூவும் ஒட்டி வண்ணம் பூசினார்கள். மக்காச்சோள மாவும் ஃபெவிகாலும் சேர்த்துக் காய்ச்சி, அதைக் கிளே என்று சொல்லி ரோஜா செய்தார்கள். நானும் செய்தேன். ஆடி மாதக் காற்றில் ஈரம் ஏறி அந்த ரோஜாக்கள் தொளதொளவென்று ஆகிவிடும். பிறகு கோவையில் சுடுமண் நகை அலை வந்தது. வீட்டுக்கு வீடு பெண்கள் மண் ஜிமிக்கி செய்தார்கள். அந்த அலையில்தான் நானும் பாலிமர் கிளேயைக் கையில் எடுத்தேன்.

பேரில்தான் அது மண். உண்மையில் பி.வி.சி. நம் தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் போகிற குழாயும் நான் செய்கிற ரோஜாவும் ஒரே வம்சம். இந்த வம்சத்தின் கதை விசித்திரமானது. 1872-ல் ஜெர்மனியில் ஆய்கன் பாமன் என்ற வேதியியலாளர், வெயில் பட்ட கண்ணாடிக் குழாய்க்குள் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைக் கண்டார். அதுதான் பி.வி.சி. அரை நூற்றாண்டு அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை, ஏனென்றால் அது மொடமொடவென்று உடையும். 1926-ல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வால்டோ செமன் என்பவர் ரப்பரை இரும்போடு ஒட்டுகிற பசை தேடிக்கொண்டிருந்தார். பசை கிடைக்கவில்லை, வளைகிற பி.வி.சி. கிடைத்தது. அதே குட்ரிச் கம்பெனியின் தொழில்நுட்பத் துணையோடு 1967-ல் நம் மேட்டூரிலேயே பி.வி.சி. தயாரிக்கத் தொடங்கினார்கள். காவிரிக்கரையில்.

அது கிளே ஆனது ஒரு பொம்மைக்காரியின் வீட்டில். கேத்தே குருசே ஜெர்மனியில் பேர்போன பொம்மைக் கலைஞர். 1939-ல், போர்க்காலத்தில், பொம்மைத் தலை செய்ய உதவுமா பாருங்கள் என்று இந்தப் பிசைகிற பிளாஸ்டிக் அவருடைய பட்டறைக்கு வந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை, ஒதுக்கிவிட்டார். மகள் சோஃபி எடுத்துக்கொண்டார். வீட்டில் அவருக்கு ஃபிஃபி என்று செல்லப்பேர். போர் முடிந்த பிறகு அதைச் செப்பனிட்டு, வண்ணம் சேர்த்து, சின்ன வில்லைகளாக்கி 'ஃபிஃபி மொசைக்' என்று விற்றார். 1964-ல் எபர்ஹார்டு ஃபேபர் என்ற பென்சில் கம்பெனிக்கு அதைக் கொடுத்தார். ஃபிஃபியில் பாதி, மொசைக்கில் பாதி, சேர்ந்து ஃபிமோ. இன்று கடையில் ஃபிமோ பாக்கெட்டைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும், அம்மா வேண்டாம் என்று ஒதுக்கியதை மகள் எடுத்து வைத்துக்கொண்டதை நினைக்கிறேன். அமெரிக்காவில் 1960-களில் இன்னொரு கிளை முளைத்தது. டிரான்ஸ்ஃபார்மரின் சூட்டைக் கடத்துவதற்காகச் செய்த கலவை அதற்கு உதவாமல் போய், சிற்பம் செய்ய உதவி, ஸ்கல்பி ஆயிற்று. மோட்டாரும் பம்பும் செய்கிற கோவைக்காரர்களுக்கு இந்தக் கதை உடனே புரிகிறது.

தொழில்நுட்பத்தில் பாதி கண்ணாடிக்காரர்களிடமிருந்து வந்தது. வெனிஸ் பக்கத்தில் முரானோ தீவில் வண்ணக் கண்ணாடியைக் கட்டாகச் சேர்த்து, உருக்கி நீளமாக இழுத்து, குறுக்கே வெட்டுவார்கள். எந்த இடத்தில் வெட்டினாலும் அதே பூ. மில்லிஃபியோரி என்று பேர், ஆயிரம் பூ என்று அர்த்தம். என்னிடம் கற்றுக்கொள்ள வருகிற பெண்களுக்கு இதைச் சொல்ல நான் ஒரு வெண்டைக்காயை எடுத்து வெட்டிக் காட்டுவேன். முனையிலிருந்து காம்பு வரை வெட்ட வெட்ட ஐந்து மூலைப் பூ வருகிறதல்லவா, அதேதான். 1991-ல் நேன் ரோஷ் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதிய 'தி நியூ கிளே' புத்தகம் வந்த பிறகு இந்த வித்தை உலகம் முழுக்கப் பரவியது.

கருவேப்பிலைக்கு எனக்கு உதவுவது ஜூடித் ஸ்கின்னர் என்பவர் பேரால் வழங்குகிற முறை. கரும்பச்சையில் ஒரு முக்கோணம், இளம்பச்சையில் ஒரு முக்கோணம். இரண்டையும் சேர்த்து வைத்து, ஒரே பக்கமாக மடித்து மடித்து இருபது தடவைக்கு மேல் உருட்டினால், ஒரு ஓரம் கறுத்து மறு ஓரம் வெளுத்த தகடு வரும். நடுவில் எங்கே நிறம் மாறியது என்று கண்ணுக்குத் தெரியாது. அதை அடுக்கி, குறுக்கே வெட்டி, நரம்பு வைத்தால் இலை. காம்புக்கு ஒரு துளி செம்பழுப்பு. செங்காம்புக் கருவேப்பிலை என்று நம் தோட்டக்காரர்கள் சொல்கிறார்களே, அந்தச் சிவப்பு வரவில்லையென்றால் காரமடைக்காரர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

கண்ணாடியின் மேல் கிளே தானாக ஒட்டாது. சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, வெள்ளைப் பசை மெல்லிசாகத் தடவிக் காயவைத்து, அதன் மேல் வைக்க வேண்டும். வாய் வைத்துக் குடிக்கிற டம்ளரில் விளிம்புக்கு இரண்டு விரல் கீழேதான் தொடங்குவேன், யார் கெஞ்சினாலும் மேலே ஏற்றமாட்டேன். உணவு படக்கூடாத பொருள் அது. 130 டிகிரியில் அரை மணி நேரம். கூடிப் போய்க் கருகினால் மூக்கை அரிக்கிற அமிலப் புகை வரும், சன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். பாட்டிலைக் குளிர்ந்த அடுப்பில் வைத்துத்தான் சூடேற்ற வேண்டும், அடுப்போடு சேர்ந்துதான் அது ஆற வேண்டும்.

இந்தக் கடைசி வரியை நான் பட்டுத்தான் கற்றேன். தொழில் தொடங்கிய இரண்டாம் வருஷம், ஒரு பெண் தன் அம்மாவின் ஊறுகாய் ஜாடியைக் கொடுத்திருந்தார். அம்மா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. முல்லைக்கொடி கேட்டார். நன்றாக வந்தது. அன்று மாலையே வாங்க வருகிறேன் என்று போன் வந்ததும், சூடாகவே வெளியே எடுத்துச் சமையல்மேடைக் கல்லில் வைத்தேன். கல்லில் ஈரம். டிக் என்று ஒரு சின்னச் சத்தம்தான். அடியிலிருந்து கழுத்து வரை ஒரு கோடு ஓடியது. அந்தப் பெண் வந்து பார்த்தார். அழவில்லை, திட்டவில்லை. கொடி ஒட்டியிருந்த பெரிய சில்லையும் மூடியையும் மட்டும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். பணம் வாங்க என்னால் முடியவில்லை, மன்னிப்புக் கேட்டது போதவும் இல்லை. அதற்குப் பிறகு யாருடைய பாட்டில் உள்ளே இருந்தாலும், அடுப்பு முழுக்க ஆறும்வரை நான் கதவைத் தொடுவதில்லை.

இப்போது அந்த நியாயமான கேள்விக்கு வருகிறேன். உருவாரம் மழையில் நனைந்து, உடைந்து, சில வருஷங்களில் கோயில் மண்ணோடு மண்ணாகிவிடும். ஐயனார் குதிரைகளும் அப்படியே, பழையது சிதையச் சிதையப் புதியது வந்து பக்கத்தில் நிற்கும். அதனால்தான் அடுத்த தடவை மறுபடி சொல்லி வைக்க வேண்டியிருந்தது, குயவருக்கும் வேளாருக்கும் வேலை இருந்தது. என் ரோஜா மண்ணாகாது. நான் போன பிறகும் அது அப்படியே இருக்கும். சீர்ப் பேழையின் மூங்கில் இற்றுப் போனாலும் அந்த நூற்று இருபது ஆவாரம்பூவும் மஞ்சளாகவே கிடக்கும். இதில் எனக்குப் பெருமையும் இருக்கிறது, உறுத்தலும் இருக்கிறது. என்னால் முடிந்தது துண்டு துணுக்கைக்கூட வெளியே போடாமல் இருப்பது. மிஞ்சிய கிளேயெல்லாம் ஒரு கண்ணாடிச் சாடியில் சேரும், பிறகு மணிகளுக்கு உள்ளுருண்டையாகும். ஒன்பது வருஷத்தில் ஒரு பிடியளவு கிளேகூட வாய்க்காலுக்குப் போனதில்லை. வேண்டுதலுக்கு உருவாரம் செய்து தர முடியுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். அதை மட்டும் நான் செய்யமாட்டேன். சாமிக்கு வைக்கிற மாடு மண்ணுக்குப் போக வேண்டிய மாடு. குயவர் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பினேன்.

இதைத்தான் அந்த ஆத்தாவிடமும் முதலில் கேட்டேன், கோயிலுக்கா என்று. "கோயிலுக்கெல்லாம் எங்கய்யன் வெச்சாச்சு அம்மிணி. இது சமையக்கட்டுக்கு" என்றார்.

மயிலை நிறம் லேசானதில்லை. வெள்ளையில் கறுப்பைக் கலந்தால் சிமெண்டு நிறம்தான் வரும். காங்கேயம் மாடு கன்றாக இருக்கையில் செவலையாக இருந்து, பிறகு மயிலையாக மாறுவது. அந்தச் செம்மை அடியில் எங்கோ இருக்க வேண்டும். வெள்ளைக்கு ஒரு கடுகளவு காவி, இரண்டு கடுகளவு கறுப்பு, திமிலிலும் கழுத்திலும் கொஞ்சம் கூடுதல். நான்கு நாள் ஆயிற்று. காதுக் கிழிசலை ஊசி முனையால் வைத்தேன். ஐந்தாம் நாள் ஆத்தா வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டின் முதுகை ஒரு விரலால் தடவினார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"கொம்பு இன்னுங் கொஞ்சம் சாயோணும் கண்ணு. பால் கறக்கையில என் தோள்ல இடிக்கும்."

கிளேயில் ஒரு வசதி, சுட்ட பிறகும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்து மறுபடி சுடலாம். இடது கொம்பை வெட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் தோளில் கையை வைத்து, எந்த உயரத்தில் இடிக்கும் என்று காட்டினார். அந்த உயரத்துக்குக் கொம்பை வளைத்தேன். "ம், அதான்" என்றார். அடுப்பில் வைத்து அரை மணி நேரம் கழித்து நிறுத்தினேன். அவருடைய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எடுத்துக் குடு அம்மிணி, துண்டுல சுத்திக்கிறேன் என்றார். ஆறட்டும் ஆத்தா, அடுத்த பஸ்ஸில் போலாம் என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன். வாசல் திண்ணையில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அந்த மாடு கடைசியாகப் போட்ட கன்றைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினார்.